அம்பெய்தல் நிபுணரின் கல்யாண ஓலை

ஆலிவர் கிராண்ட் என்று ஓர் ஆங்கிலேயர் இருக்கிறார். ஐம்பது வயது, நரைத்த குறுந்தாடி, நீலச் சட்டை. பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மைதானம். அம்பெய்தல் போட்டிகளை ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பவர், பந்தயத்தின் நெளிவு சுளிவு அறிந்தவர் என்று அவர் படத்துக்குக் கீழே போட்டிருக்கும். அந்த ஆலிவர் கிராண்ட் நான்தான்.

என் பெயர் ஷெர்வின். வயது முப்பத்திரண்டு. ஊரப்பாக்கத்தில் அம்மாவோடு குடியிருக்கிறேன். எனக்குத் தாடி விட்டால் திட்டுத் திட்டாக வளரும். ஊர் ஊராகப் போவது என்றால் மின்சார ரயிலில் தாம்பரம் வரை, ரொம்ப மிஞ்சினால் மாம்பலம். வில்லைக் கையால் தொட்டதில்லை. சின்ன வயதில் ஈர்க்குச்சியை வளைத்து விளையாடிய வில்கூடப் பக்கத்து வீட்டுப் பையனுடையது. நான் வேடிக்கை பார்த்தேன்.

தாம்பரத்தில் ஒரு பழைய கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவன் நான். கல்லூரி மலரில் என் கவிதை ஒன்று வந்தபோது, என் அம்மா தபீதாள் அதை லேமினேட் செய்து ஃபிரிட்ஜ்மேல் சாய்த்து வைத்தார். "என் பையன் எழுத்தாளன்" என்று அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. எழுத்தாளன் முதலில் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்தான். பிறகு டியூஷன் எடுத்தான். கடைசியில் முடிச்சூர் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் கன்டென்ட் கம்பெனியில் வந்து சேர்ந்தான். சாயங்காலம் முட்டை பப்ஸ் வாசனை மாடிக்கு ஏறி வரும். அந்த வேலையில் நான் மனதாரப் பாராட்டும் அம்சம் அது ஒன்றுதான்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்போர்ட்ஸ்புக் என்பது விளையாட்டுகளின்மேல் பணம் கட்டும் இணையதளம். வெளிநாட்டில் அப்படி எக்கச்சக்கமாக இருக்கின்றன. அவற்றில் எது நல்லது என்று சொல்வதற்குத் தனியாகத் தளங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு தளத்துக்கு, ஏதோ ஒரு தீவில் பதிவான கம்பெனிக்காக, நாங்கள் கட்டுரை எழுதுகிறோம். அதாவது நான் சாராயக் கடை வைக்கவில்லை. சாராயக் கடைக்கு அம்புக்குறி போட்டு வழி காட்டும் பலகையை எழுதுகிறேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் சேர்ந்த நாளில் எங்கள் டீம் லீடர் ஷ்யாம்சுந்தர் விளையாட்டுகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கிரிக்கெட் நான் பாத்துக்கறேன். ஃபுட்பால், டென்னிஸ், குதிரை எல்லாம் குடுத்தாச்சு. ஷெர்வின், உங்களுக்கு ஆர்ச்சரி."

"சார், எனக்கு ஆர்ச்சரி பத்தி ஒண்ணுமே தெரியாதே."

"படிக்கறவனுக்கும் தெரியாது. தெரிஞ்சா அவன் ஏன் பந்தயம் கட்ட வரான்?"

அப்படித்தான் நான் நிபுணன் ஆனேன். என் கட்டுரைகளுக்குக் கீழே போட ஆலிவர் கிராண்ட் என்ற பெயரும் தாடி வைத்த படமும் தீவிலிருந்தே வந்துவிட்டன. ஒலிம்பிக்ஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்பெய்தலில் பந்தயம் கட்டச் சரியான தளத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். எங்கள் ஆபீஸில் அதற்கு நல்ல பெயர். அந்தத் தளம் தான் யார் என்று ஒளிக்காமல் சொல்கிறதா, லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்றேன். தனிநபர், குழு, கலப்பு அணி என்று எல்லா ஆட்டத்துக்கும் பணம் கட்ட முடிகிறதா பாருங்கள் என்றேன். சேரும்போது கொடுக்கும் போனஸில் என்ன கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று படிக்கச் சொன்னேன். ஜெயித்த பணத்தை வெளியே எடுக்க எத்தனை நாள் இழுக்கிறார்கள், உதவி கேட்டால் பதில் சொல்வது மனிதனா என்றெல்லாம் பொறுப்பாக எச்சரித்தேன். படித்தால் எனக்கே ஆலிவர்மேல் மரியாதை வரும்.

ஒரு சின்ன விஷயம். எந்தத் தளத்துக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்பது தீவிலிருந்து முன்கூட்டியே வந்துவிடும். யார் கூடுதலாகக் கமிஷன் கொடுக்கிறார்களோ அவர்கள் முதல். அதற்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் ஆலிவரின் வேலை.

நான் பந்தயம் கட்டியதில்லை. எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுகூட நுழைந்ததில்லை. ஒருமுறை சர்ச்சில் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைக் காய்கறிகளை ஏலம் விட்டபோது ஒரு பூசணிக்காய்க்கு விலை கேட்டேன். எனக்கு மேல் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன். யாரும் கேட்கவில்லை. அந்தப் பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த துணிச்சலான காரியம்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் பேச வந்தார்கள்.

பெண் கிறிஸ்டினா. கிழக்குத் தாம்பரம். பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அம்மா என் பயோடேட்டாவில் தொழில் என்ற இடத்தில் 'விளையாட்டு எழுத்தாளர்' என்று போட்டுவிட்டார். அம்மா பொய் சொல்பவர் இல்லை. கல்யாணப் பேச்சில் எல்லோரும் கொஞ்சம் மெருகு ஏற்றுவார்கள், எதிராளி அதைக் கழித்துவிட்டுத்தான் படிப்பார் என்று நம்பியிருந்தார். சூப்பர்வைசர் என்றால் மேனேஜர் என்று போடுவது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் பெண்ணின் அப்பா ஏசுதாசன் எதையும் கழித்துப் படிக்கிற ஆள் இல்லை.

ஏசுதாசன் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர். இப்போது அவர்கள் சபையின் செயலாளர். மனைவி காலமாகிப் பல வருடமாகிறது. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், குரலில் மட்டும் இன்னும் விசில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெண் பார்க்கப் போன அன்று நான் உட்கார்வதற்கு முன்பே கேட்டார்.

"ஸ்போர்ட்ஸ் ரைட்டராமே! எந்த ஸ்போர்ட்?"

"ஆர்ச்சரி, அங்கிள்."

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். கபடி, கோகோ என்று ஆயுள் முழுக்க ஓட விட்டவர், பள்ளியில் அம்பெய்தல் ஆரம்பிக்கவேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு அலுத்தவராம். பக்கத்துக் காம்பவுண்டில் மாடு மேய்கிறது, அம்பு பட்டால் யார் பதில் சொல்வது என்று ஒவ்வொரு வருடமும் மறுத்துவிட்டார்களாம். இப்போது ஓர் அம்பெய்தல்காரனே மருமகனாக வீடு தேடி வந்திருக்கிறான். என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அதை விடவே இல்லை. காப்பியை இடது கையால் குடித்தேன்.

மாடிப்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "என் தம்பி ஆபேல். மாடியிலதான் குடியிருக்கான்" என்றார் ஏசுதாசன். ஆபேல் சிரித்தார். சட்டைப் பையில் ஒரு பழைய பட்டன் போன் இருந்தது. எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்டினா முறுக்குத் தட்டோடு வந்தபோது என்னை ஒருமுறை பார்த்தாள். வாத்தியார்கள் விடைத்தாளைப் பார்க்கிற மாதிரிப் பார்வை. அந்தப் பார்வைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

நிச்சயம் ஆயிற்று. மறுவாரமே ஏசுதாசன் போன் செய்தார். "மாப்பிள்ளை, நீங்க எழுதினது ஒண்ணு அனுப்புங்க."

அனுப்பலாம். ஆனால் ஆலிவர் கிராண்டின் தாடியையும் சேர்த்து அனுப்பவேண்டும். ரொம்ப யோசித்து ஒரு வேலை செய்தேன். கட்டுரையின் முதல் இரண்டு பத்தி வில்லின் வரலாறு, எழுபது மீட்டர் தூரம், காற்றின் போக்கு என்று பக்தியாகப் போகும். பந்தயம் மூன்றாம் பத்தியில்தான் தலை காட்டும். முதல் இரண்டை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தாடியை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போனால், நோட்டீஸ் போர்டில் அது தொங்குகிறது. பெரிதாகப் பிரின்ட் எடுத்து, கீழே நீல மையில் 'எழுதியவர்: ஷெர்வின், என் மருமகன்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். கல்லூரி மலருக்குப் பிறகு என் பெயரை எழுத்துக்குக் கீழே பார்ப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்டினா கூப்பிட்டாள். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் வந்து நிற்கச் சொன்னாள். நான் தலைவாரி, சென்ட் போட்டுக்கொண்டு போனேன். அவள் போனை நீட்டினாள். அதில் ஆலிவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"போர்டுல இருந்த ஒரு லைனை கூகுள்ல போட்டேன். இவர் வந்தாரு. இவர் உங்களுக்கு யாரு?"

"நான்தான்."

"முழுசாப் படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. முதல்ல அந்த சைட் தான் யாருன்னு ஒளிக்காம சொல்லுதான்னு பாருங்கன்னு எழுதியிருக்கீங்க. நீங்க யாருன்னு எங்க வீட்டுல சொன்னீங்களா?"

கணக்கு டீச்சரிடம் மாட்டினால் படி விடாமல் கேட்பார்கள். இறங்கி ஓடவும் வழியில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் கூட்டம்.

"இங்க அதெல்லாம் தடைங்க. நம்ம ஊர்க்காரங்க யாரும் அதுல பணம் கட்ட முடியாது. படிக்கறவங்க எல்லாம் இங்கிலாந்துல..."

"எங்க சித்தப்பா ஏன் பட்டன் போன் வெச்சிருக்காருன்னு தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியாது. அவளே சொன்னாள். ஆபேலுக்குக் கீழ்க்கட்டளையில் சொந்த வீடு இருந்தது. தடை வருவதற்கு முன்பு, போனில் ரம்மி விளையாடியே அது போயிற்று. வீட்டை வாங்கினவன் பூட்டை மாற்ற வந்த அன்றைக்குத்தான் அண்ணனுக்கே விஷயம் தெரிந்தது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஆபேல் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தார்.

"இங்கிலாந்துல யாருக்கும் சித்தப்பா இல்லியா?" என்று கேட்டாள் கிறிஸ்டினா.

கீழே செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. அந்தச் சத்தம் அடங்கியதும் அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதனாலதான் நான் அப்பாகிட்ட சொல்லல. நீங்களே சொல்லணும். முதல் ஓலை வாசிக்கறதுக்குள்ள சொல்லணும். இல்லன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

ஓலை என்பது எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் அறிவிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் கேட்பார். யாரும் சொன்னதாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. கேட்டுவிட்டு, மூச்சு விடும் நேரம் நிறுத்திவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் ஓலைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

நான் அன்றைக்கே கிழக்குத் தாம்பரத்துக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏசுதாசன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்றுதான் சபையின் விளையாட்டு விழாவாம். வருடா வருடம் லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும்தான். இந்த வருடம் புதிதாக அம்பெய்தல். பழைய மாணவன் ஒருவன் வில், அம்பு, டார்கெட் எல்லாம் கொண்டுவருகிறான். "நீங்கதான் சீஃப் கெஸ்ட், மாப்பிள்ளை" என்றார். நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு நன்றி சொன்னேன்.

இரண்டாம் தடவை, வாசலிலேயே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்துகொண்டே போனேன். "மாமா, ஒரு விஷயம்" என்றேன். "நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் அவர். சீஃப் கெஸ்ட் சும்மா கைதட்டிவிட்டுப் போகக்கூடாதாம், முதல் அம்பை நான்தான் எய்யவேண்டுமாம். மூன்றாம் தடவை போனபோது பத்து நிமிடம் பேசவும் ஒத்துக்கொண்டு வந்தேன். நான்காம் தடவை போயிருந்தால் மாநில அணிக்குப் பயிற்சி கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பேன். போகவில்லை.

அதற்குப் பதில் என்ன செய்தேன்? உண்மையைச் சொல்வதைவிட வில்வித்தை கற்றுக்கொள்வது சுலபம் என்று முடிவு செய்தேன். பழைய சைக்கிள் டியூப் ஒன்றை கேட் கம்பியில் கட்டி, வீடியோவைப் பார்த்துக்கொண்டே தாடை வரை இழுத்துப் பழகினேன். எதிர் வீட்டு பாலாம்பாள் மாமி துணி காயப்போட்டபடியே பார்த்தார். "முதுகுவலிக்கு நல்லதா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த இழுப்பில் டியூப் பிய்த்துக்கொண்டு வந்து என் காதில் விழுந்தது. மாமி துணியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை ராத்திரி கிறிஸ்டினாவிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ் வந்தது. 'சொல்லியாச்சா?' காலையில் ஆராதனைக்கு முன்னால் சொல்லிவிடுவேன் என்று பதில் போட்டேன். காலையில் ஏசுதாசன் ஆராதனைக்கு முன்னால் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று "மாமா" என்றேன். "கோட்டை மிதிச்சிடாதீங்க" என்றார். மணி அடித்துவிட்டது.

உள்ளே கூட்டம். நானும் அம்மாவும் ஐந்தாம் வரிசையில். எங்களுக்கு முன்வரிசையில் ஆபேல். பெண்கள் பக்கம் கிறிஸ்டினா. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகப் பாட்டுப் புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்திருந்தாள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் மறுபடி ஊரப்பாக்கத்தில் ஆலிவராகவே செத்துப்போவேன் என்று தோன்றியது. பயமாகத்தான் இருந்தது, வேறு பேர் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆயர் காகிதத்தை எடுத்தார். ஓலையில் மாப்பிள்ளையின் உத்தியோகத்தைப் போடுவது வழக்கமே இல்லை. ஆனால் அன்றைய அறிவிப்பை எழுதிக் கொடுத்தவர் செயலாளர் ஏசுதாசன்.

"...ஊரப்பாக்கம் சபையைச் சேர்ந்தவரும், விளையாட்டு எழுத்தாளரும், அம்பெய்தல் நிபுணருமான திரு. ஷெர்வின்..."

அம்மா என் கையைப் பெருமையாக அழுத்தினார். கோயிலில், ஆயர் வாயிலிருந்து, மைக்கில் அது வந்தது. அதற்குப் பிறகு வந்த வார்த்தைகள் எனக்குக் கேட்கவில்லை. "தடை ஏதும் அறிந்தவர் இருந்தால் இப்போது சொல்லலாம்" என்பது மட்டும் கேட்டது. ஆயர் நிறுத்தினார். பாட்டுக்காரர்கள் எழுந்திருக்கத் தயாரானார்கள்.

எழுந்தது நான்.

"எனக்கு ஒரு தடை தெரியும், ஐயா."

சபை முழுக்கத் திரும்பியது. மாப்பிள்ளையே எழுந்திருப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தடை, தம்பி? ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா?"

"இல்ல, ஐயா."

"பெண்ணுக்கு ரத்த உறவா?"

"இல்ல, ஐயா. நான் அம்பெய்தல் நிபுணர் இல்ல. வில்லைத் தொட்டதில்ல. பந்தயம் கட்டற வெப்சைட்டுக்கு ஆள் பிடிக்கற மாதிரி கட்டுரை எழுதறேன். வெள்ளைக்காரர் பேர்ல எழுதறேன். போர்டுல இருக்கறது பாதிதான். மீதியை நான்தான் வெட்டிட்டேன்."

அம்மா என் கையை விட்டார். ஆயர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது தடை இல்ல, தம்பி. இது வேலை. உக்காருங்க. ஆராதனை முடிஞ்சு வெஸ்ட்ரிக்கு வாங்க."

உட்கார்ந்தேன். பாட்டுப் பாடினார்கள். ஒருவரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடவில்லை. ஏசுதாசன் முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்குள் அந்த முதுகு அப்படி விறைத்ததைப் பார்த்ததும்தான், நான் யாரை ஏமாற்றினேன் என்று எனக்கு உறைத்தது. ஒரு மனிதர் ஆசை ஆசையாய் என்னை நம்பியிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேராக நோட்டீஸ் போர்டுக்குப் போனார். கண்ணாடியைத் திறந்து, அந்தக் காகிதத்தை எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. பிறகு ஆயரின் அறையான வெஸ்ட்ரிக்கு வந்தார். ஆயர், நான், அம்மா, கிறிஸ்டினா, கதவோரம் ஆபேல்.

"எல்லார் முன்னாடியும் சொல்லத் தெரிஞ்சுதே, வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லத் தெரியலியா?" என்றார் ஏசுதாசன். "மூணு தடவ வந்தீங்க. மூணு தடவையும் காப்பி குடிச்சீங்க. கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம். கிறிஸ்டினா, வா போலாம்."

கிறிஸ்டினா நகரவில்லை. அப்போது கதவோரத்திலிருந்து ஆபேல் பேசினார்.

"ண்ணா, அந்தப் புள்ள எழுந்து சொல்லிச்சுல்ல. நானு வூடு போற வரிக்கும் சொல்லல. தெனம் வந்து உன் எதுர்லதான் குந்திகினு இருந்தேன். நீ எத்தினி தபா கேட்ட, இன்னாடா ஒரு மாரி கீறன்னு. நான் ஒண்ணியுமில்லன்னேன். ஒரு தபா எழுந்து சொல்லியிருந்தா வூடு இருந்திருக்கும்."

ஏசுதாசன் தம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர்கள் இரண்டு பேரும் அதைப்பற்றிப் பேசியதே இல்லை என்று கிறிஸ்டினா பிறகு சொன்னாள். ஏசுதாசன் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கட்டுரைய எடுத்துகினு நாளைக்கு வீட்டுக்கு வாங்க. முழுசா. மாடியில இவனுக்குப் படிச்சுக் காட்டுங்க. தமிழ்ல. அதுக்கப்புறம் பேசலாம்." வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "இப்ப மைதானத்துக்கு வாங்க. அறிவிச்சாச்சு. சீஃப் கெஸ்ட் இல்லாம முடியாது."

அந்த அம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சபையே கோட்டுக்குப் பின்னால் நின்றது. நான் இழுத்தேன், விட்டேன். நாண் என் இடது முன்கையின் உட்பக்கத்தில் சாட்டையாக அறைந்தது. அந்த இடத்தில் கைக்காப்பு ஒன்று கட்டவேண்டும் என்பது, அத்தனை கட்டுரை எழுதிய ஆலிவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அம்பு ஒரு தப்படி தள்ளிக் குப்புற விழுந்தது. குழந்தைகள் பலமாகக் கைதட்டினார்கள். ஏசுதாசன் விசில் ஊதி, "அடுத்து லெமன் ஸ்பூன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மாடிக்குப் போனேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. ஆபேல் ஸ்டூலைத் தூசி தட்டி எனக்குப் போட்டார். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் அவர் பிள்ளைகளின் ஸ்கூல் போட்டோ. படியில் கிறிஸ்டினாவும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். போனில் கட்டுரையைத் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். இங்கிலீஷில் அவ்வளவு மிடுக்காக இருந்த வாக்கியமெல்லாம் ஆபேல் முகத்துக்கு நேரே சொல்லும்போது தரகன் பேச்சாக இருந்தது. இழக்கத் தயாரான தொகையை மட்டுமே கட்டுங்கள் என்று பொறுப்பாக ஒரு வரி வரும். போட்டோவைப் பார்க்காமல் அதையும் மீதியையும் சொல்லி முடித்தேன்.

ஆபேல் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை தலையாட்டினார். முடிந்ததும் கொஞ்ச நேரம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சோக்கா எழுதிகீற, தம்பி. மெய்யாத்தான் சொல்றேன். அப்ப எவனும் எனக்கு இதெல்லாம் சொல்லல. இத்த அப்பவே படிச்சிருந்தா அந்த சைட்ட மாத்தியிருப்பேன்."

"நல்ல சைட்டா பாத்திருப்பீங்களா?"

"ஆமா. வெளையாட்ட வுட்டிருக்க மாட்டேன். நல்லதா ஒண்ணு பாத்து, இன்னும் கொஞ்ச நாளு வெளையாடியிருப்பேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் படியில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். ஆபேல்தான் என் கன்றிய கையைப் பிடித்துப் பார்த்து, "தேங்கா எண்ண தடவுனியா?" என்று கேட்டார்.

ஷ்யாம்சுந்தரிடம் பந்தயம் இனி எழுத மாட்டேன் என்றேன். "ஆர்ச்சரிதானே, அதுல யாரு கட்டப்போறா?" என்று சிரித்தார். பிறகு வீட்டு உபயோகச் சாமான் பிரிவில் தள்ளிவிட்டார். சம்பளம் குறைவு. இப்போது வெட் கிரைண்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதுகிறேன். அங்கேயும் முதலிடம் யாருக்கென்று முன்கூட்டியே வந்துவிடுகிறது, நான் ஒன்றும் புனிதனாகிவிடவில்லை. ஆனால் மட்டமான கிரைண்டரை வாங்கினவனுக்கு மாவு கொரகொரப்பாக இருக்குமே தவிர வீடு போகாது. கட்டுரைக்குக் கீழே என் பெயரைப் போடவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கிரைண்டர்தானே, போட்டுக்கோங்க என்றார்கள்.

இரண்டாம் ஓலை ஒரு மாதம் தள்ளித்தான் வாசித்தார்கள். ஏசுதாசன் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்து, "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை அறிவிப்பில் உத்தியோகம் இல்லை. ஷெர்வின் என்று மட்டும் இருந்தது. "தடை ஏதும் அறிந்தவர் இருந்தால்" என்று ஆயர் கேட்டார். கேட்டுவிட்டு வழக்கத்தைவிட நீளமாக நிறுத்தினார். சபை முழுக்க, பாட்டுக்காரர்கள் உட்பட, திரும்பி என்னைப் பார்த்தது. கிறிஸ்டினாவும் பார்த்தாள், புத்தகத்தை இறக்கி வைத்துவிட்டு. முன்வரிசையில் ஏசுதாசனும் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, புருவத்தை உயர்த்தினார். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினேன்.

"சொல்றதுக்கு ஒண்ணியும் இல்லியே?" என்று பக்கத்திலிருந்து ஆபேல் காதோடு கேட்டார்.

"இல்ல, மாமா. எல்லாம் சொல்லிட்டேன்."

"அப்பன்னா நிம்மதியா குந்து" என்றார் அவர்.